ஊறுகாய் போடும் வீடும் உப்பு நிறுக்கும் கடையும்

மாவடு கண்ணில் படத் தொடங்கிவிட்டால் நம் கடைக்கு வரும் பட்டியலின் முகமே மாறிவிடும். வழக்கமாக அரைக் கிலோ, கால் கிலோ என்று வாங்கும் வீட்டுக்காரர்கள், "கல் உப்பு 5 கிலோ, நல்லெண்ணெய் 3 லிட்டர், நீட்டு மிளகாய் 2 கிலோ, கட்டிப் பெருங்காயம் 50 கிராம்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். மாசியில் தொடங்கும் இந்த வியாபாரம் வைகாசி வரை நடக்கும். புதுப் புளியும், புது மிளகாயும், புது மஞ்சளும் சந்தைக்கு வருவது ஏறக்குறைய இதே காலத்தில்தான். நல்ல வெயில் அடிப்பதும் இப்போதுதான். ஆகவேதான் நம் முன்னோர் ஓராண்டுக்கு வேண்டிய ஊறுகாய், வடகம், வத்தல் எல்லாவற்றையும் இந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் போட்டு முடித்தார்கள்.

"இப்போதெல்லாம் யார் வீட்டில் ஊறுகாய் போடுகிறார்கள்? எல்லாம் பாட்டில்தான்" என்று நம்மவர்களே சலித்துக்கொள்வதுண்டு. முன்னைப் போல் இல்லை என்பது உண்மையே. ஆனால் பாட்டில் ஊறுகாயை எல்லாக் கடைகளும் விற்கின்றன. பெரிய கடைக்காரர் விலையைக் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டும். கைபேசியில் அழுத்தினால் வாசலுக்கே வந்து கொடுக்கிறார்கள். அந்தப் போட்டியில் சிறிய மளிகைக் கடை வெல்வது கடினம். வீட்டிலேயே செய்கிறவர்களோ விலையை மட்டும் கேட்பதில்லை. "எந்த மிளகாய் போட்டால் நிறம் நிற்கும்? இந்த உப்பு ஆகுமா? எண்ணெய் எவ்வளவு விடலாம்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரைத் தேடித்தான் அவர்கள் வருவார்கள்.

பதில் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். பல ஆண்டுகளாக எங்கள் கடையில் வாங்கும் ஓர் அம்மாள், ஊறுகாய்க்கு என்று பட்டியல் கொடுத்துவிட்டுப் போனார். கூட்ட நேரம். கடைப் பையன் நல்லெண்ணெய் இருந்த தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த தீப எண்ணெயை எடுத்துக் கட்டிவிட்டான். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிற டப்பாக்கள். "விளக்கு ஏற்ற மட்டும்" என்று அதில் அச்சிட்டிருந்ததை அவனும் பார்க்கவில்லை, பட்டியலைச் சரிபார்த்த நானும் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த அம்மாள் ஜாடியோடு வந்தார். மூடியைத் திறந்ததுமே சிக்கு வாடை. "அண்ணாச்சி, பத்துக் கிலோ மாங்காய் அண்ணாச்சி. மூணு நாள் வெயில்ல நின்னு போட்டேன். சென்னையில இருக்கிற மகளுக்கும் சேர்த்துப் போட்டது" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

எண்ணெய்க் காசைத் திருப்பிக் கொடுத்தேன். மாங்காய்க் காசையும் கொடுத்தேன். அந்த மூன்று நாள் வெயிலையும் போன பருவத்தையும் எப்படித் திருப்பிக் கொடுப்பது? இரண்டு ஆண்டுகள் அவர் எங்கள் கடைப் படி ஏறவில்லை. பாட்டில் ஊறுகாய் கெட்டிருந்தால் வேறு பாட்டில் கொடுத்துச் சமாளித்திருக்கலாம். வீட்டு ஊறுகாய் கெட்டால் ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பண்டம் போய்விடும். அந்தப் பொறுப்பில் பாதி நம் தராசில் இருக்கிறது.

அன்று முதல் தீப எண்ணெயைச் சாம்பிராணி, கற்பூரம் இருக்கும் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். உண்ணும் எண்ணெயோடு அதைச் சேர்த்து வைப்பதில்லை. இதைப் படிக்கும் நண்பர்கள் இன்றே தங்கள் கடைத் தட்டுகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஊறுகாய் ஏன் கெடுவதில்லை?

நாம் விற்கும் சரக்கு ஜாடிக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், வாடிக்கையாளருக்குச் சொல்வது எளிது. ஊறுகாய், வத்தல் வகைகளைக் காப்பவை நான்கு: உப்பு, புளிப்பு, எண்ணெய், உலர்ச்சி.

1. உப்பு: காயிலுள்ள நீரை உப்பு வெளியே இழுக்கிறது. எஞ்சிய நீரையும் கிருமிகள் பயன்படுத்த முடியாதபடி கட்டிவைக்கிறது. ஊறுகாயின் மொத்த எடையில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு உப்பு இருந்தால் பெரும்பாலான கிருமிகள் வளர முடியாது. ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு 150 முதல் 200 கிராம் வரை உப்பு என்று பெரியவர்கள் போட்டது இந்தக் கணக்கில்தான். இரத்த அழுத்தத்துக்குப் பயந்து சிலர் உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் ஊறுகாய் வெளியில் நிற்காது. "உப்பைக் குறைக்க வேண்டுமென்றால் கொஞ்சமாகப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். ஆண்டு முழுவதும் வைக்க வேண்டுமென்றால் உப்பைக் குறைக்காமல், தொட்டுக்கொள்வதைக் குறையுங்கள்" என்று சொல்லலாம்.

இதில் அளவையால் வரும் பிழை ஒன்று உண்டு. ஒரே ஆழாக்கில் கல் உப்பையும் தூள் உப்பையும் அளந்து தராசில் போட்டுப் பாருங்கள். தூள் உப்புதான் எடை கூடுதலாக இருக்கும். கல் உப்பில் பரல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதே காரணம். தூள் உப்புக்கென்று சொன்ன கரண்டிக் கணக்கில் கல் உப்பைப் போட்டால் உப்பு குறைந்து ஊறுகாய் பூத்துவிடும். கல் உப்புக்குச் சொன்ன படிக் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஆகவே "உப்பை அளக்காதீர்கள், நிறுத்துப் போடுங்கள்" என்பதே நாம் சொல்ல வேண்டிய ஒரே வாசகம். கேட்டால் நாமே நிறுத்துக் கட்டித் தரலாம்.

2. புளிப்பு: மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய், நெல்லிக்காய் ஆகியவற்றில் இயற்கையாகவே புளிப்பு உண்டு. புளிப்பு அதிகமுள்ள இடத்தில் கொடிய கிருமிகள் வளர்வதில்லை. விஞ்ஞானிகள் புளிப்பை அளக்கும் பி.எச். என்ற அளவுகோலில் 4.6-க்குக் கீழே இருப்பது பாதுகாப்பு. இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்.

பூண்டு, காரட், பச்சை மிளகாய், காளான் போன்றவற்றில் போதிய புளிப்பு இல்லை. இவற்றை வெறும் எண்ணெயில் மூழ்க வைத்து வெளியில் வைப்பது ஆபத்தான பழக்கம். காற்றுப் புகாத, புளிப்பில்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் என்ற கிருமி ஒன்று உண்டு. அது உண்டாக்கும் நஞ்சு உயிருக்கே ஆபத்தானது. நிறமோ, வாடையோ, சுவையோ மாறாமலும் அது இருக்கக்கூடும். எண்ணெய் காற்றைத் தடுத்து அந்தக் கிருமிக்குச் சாதகமே செய்கிறது. ஆகவே "பூண்டு ஊறுகாய்க்கு எண்ணெய் வேண்டும்" என்று கேட்பவரிடம், "புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ வினிகரோ தாராளமாகச் சேர்க்கிறீர்களா? உப்பு சரியாக இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வினிகர் ஒரு பாட்டில் கூட விற்பது இருக்கட்டும். ஒரு குடும்பத்துக்குச் செய்யும் உதவி அது.

3. எண்ணெய்: துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் அளவு எண்ணெய் நின்றால் காற்றுப் படாது, பூஞ்சணம் பிடிக்காது. நல்லெண்ணெயை நம் வீடுகளில் விரும்புவது மணத்துக்காக மட்டுமல்ல. எளிதில் சிக்கு வாடை அடிக்கவிடாத பொருள்கள் எள்ளிலேயே இயற்கையாக இருக்கின்றன. மாவடுவுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவிப் பிசறுவது வழக்கம். "விளக்கெண்ணெய்" என்று கேட்டால் அது ஆமணக்கு எண்ணெய். அதிலும் உண்ணத் தக்கது என்று அச்சிட்டதைத்தான் கொடுக்க வேண்டும். பெயர்க் குழப்பத்தால் தீப எண்ணெய் கைமாறிவிடக் கூடாது.

4. உலர்ச்சி: வடகம், வத்தல், அப்பளம் நிற்பது இதனால்தான். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் வத்தல்கள் கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். மோர் மிளகாயைப் பகலில் காயவைத்து, இரவில் மீண்டும் உப்பு மோரில் போட்டு, மோர் வற்றும்வரை தொடர வேண்டும். கூழ் வடகத்துக்கும் ஜவ்வரிசி வடகத்துக்கும் கூழில் உப்பு சற்றுக் குறைவாகவே தெரிய வேண்டும். கூழிலேயே சரியாக இருந்தால், நீர் வற்றிக் காய்ந்தபின் கரிக்கும். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான்.

சரக்கு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கல் உப்பு: 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, நேரடியாக உண்பதற்கு விற்கும் உப்பு அயோடின் கலந்ததாக இருக்க வேண்டும். பதப்படுத்துவதற்கென்று விற்கும் சாதா உப்புக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த உபயோகம் பையின் மேல் முறையாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்து வாசலில் கொட்டி விற்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும். அயோடின் கலந்த கல் உப்பிலும் ஊறுகாய் நன்றாகவே வரும். கட்டி பிடிக்காமலிருக்க மருந்து சேர்த்த தூள் உப்பில் மாவடுத் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகத் தெரியலாம். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல.

மிளகாய்: காரத்துக்கு நீட்டு மிளகாய், நிறத்துக்குக் காஷ்மீரி அல்லது பியாடகி, இவை இரண்டையும் கலந்து அரைத்தால் ஊறுகாய்க்குப் பொருத்தம். குண்டு மிளகாய் கேட்பவர்களும் உண்டு. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மிளகாயை உடைத்தால் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈர மிளகாயில் பூஞ்சண நஞ்சு சேரும். நம் எடையும் பிறகு குறையும். தூளாக விற்பதானால் அடைத்த பாக்கெட்டாக மட்டுமே விற்கலாம், சில்லறையாகப் பிரித்து விற்கச் சட்டம் இடம் தரவில்லை. சந்தேகம் வந்தால் தண்ணீர்க் குவளையில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். சாயம் கலந்திருந்தால் நிறம் கோடு கோடாக இறங்கும். செங்கல் தூள் அடியில் தங்கும்.

கடுகு: நல்ல கடுகு வழவழப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே மஞ்சள் தெரியும். பிரம்மதண்டு விதை கலந்திருந்தால் மேல்தோல் சொரசொரப்பாகவும் உள்ளே வெண்மையாகவும் இருக்கும். இது சிறு கலப்படம் அல்ல. 1998-இல் டெல்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் நீர்க்கோவை நோய் பரவி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எண்ணெயைப் பீப்பாயிலிருந்து அளந்து விற்பதற்குத் தடை இறுகியதும் அதன் பிறகுதான்.

பெருங்காயம்: நாம் விற்பது பெரும்பாலும் மாவும் பிசினும் சேர்த்த கூட்டுப் பெருங்காயம். சேர்க்கப்பட்ட மாவு எது என்று பெட்டியில் இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் கேட்டால் படித்துச் சொல்ல வேண்டும். இதன் மூலப்பொருளான பால் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் நாடுகளிலிருந்து வருகிறது. 2020-இல்தான் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் இச்செடியைப் பயிரிடும் முயற்சி தொடங்கியது. ஆகவே விலை ஏறி இறங்குவது நம் கையில் இல்லை. பருவத்துக்கு வேண்டியதை முன்னதாக எடுத்துவைப்பது நலம்.

ஒரு பட்டியல்

5 கிலோ மாங்காய்த் துண்டுக்கு எங்கள் பக்கத்தில் வழக்கமாகப் போகும் கணக்கு இது: கல் உப்பு 900 கிராம், மிளகாய் 500 கிராம், கடுகு 150 கிராம், வெந்தயம் 75 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், பெருங்காயம் 25 கிராம், நல்லெண்ணெய் ஒன்றேகால் லிட்டர். கைப்பக்குவத்துக்கு ஏற்ப மிளகாயும் வெந்தயமும் மாறலாம். உப்பும் எண்ணெயும் குறையக் கூடாது.

இதை ஓர் அட்டையில் எழுதிக் கடை முகப்பில் தொங்கவிட்டுப் பாருங்கள். கால் கிலோ மிளகாய் வாங்க வந்தவர் முழுப் பட்டியலும் வாங்கிப் போவார். எந்தப் பொருளையும் முன்கூட்டியே பொட்டலமாகக் கட்டி அடுக்கி வைத்தால், எடை, விலை, கட்டிய மாதம், முகவரி முதலிய விவரங்களை ஒட்ட வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. முழுச் சரக்கை வாடிக்கையாளர் கண்முன் நிறுத்துக் கட்டிக் கொடுப்பதில் அந்தத் தொல்லை இல்லை. பார்ப்பவருக்கும் நம்பிக்கை.

வீட்டுச் சரக்கை நாம் விற்கலாமா?

ஊறுகாய் நன்றாகப் போடுகிற ஒருவர், "அண்ணாச்சி, பத்து பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், விற்றபின் காசு கொடுங்கள்" என்று கேட்பார். கேட்பதில் தவறில்லை. பெரிய தொழில்கள் பல இப்படித்தான் பிறந்தன. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டு, ஒரு கடைக்காரருக்குக் கொடுத்தார்கள். அதுதான் இன்று நாடெங்கும் தெரிந்த லிஜ்ஜத் அப்பளம். அன்று அந்தக் கடைக்காரர் வாங்க மறுத்திருந்தால் அந்தக் கதையே வேறாகியிருக்கும். நம் நெல்லைச் சீமைக் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் வீட்டுத் திண்ணைகளில் வளர்ந்ததுதான்.

ஆனால் நட்பை நம்பி விவரச்சீட்டு இல்லாத பாட்டிலை அடுக்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு விற்பவரின் பொறுப்பைத் தெளிவாகச் சொல்கிறது. கெடு தேதி கடந்ததை விற்றாலும், தூய்மையின்றி வைத்திருந்தாலும், தயாரித்தவர் அல்லது நமக்குக் கொடுத்தவர் யார் என்று காட்ட முடியாத சரக்கை விற்றாலும் பொறுப்பு நம் தலையில்தான் விழும். ஆகவே அவரிடம் அன்பாகச் சொல்லுங்கள்: "அம்மா, முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சிறிய அளவில் செய்பவர்களுக்குப் பதிவு எளிது. 14 இலக்க எண் கிடைக்கும். அந்த எண், உங்கள் முகவரி, சேர்ந்த பொருள்கள், எடை, தயாரித்த தேதி, கெடு தேதி, விலை, பச்சைக் குறி எல்லாம் போட்டுக் கொண்டுவாருங்கள். நான் முன் தட்டிலேயே வைக்கிறேன்." எங்கள் ஊரில் ஒரு மகளிர் குழு இப்படிச் செய்து, இப்போது நான்கு கடைகளுக்கு வடகம் கொடுக்கிறது. சரக்கு எடுக்கும்போது நாளும் எண்ணிக்கையும் போட்டுச் சீட்டு வாங்கி வைக்க மறக்க வேண்டாம்.

குறை சொல்லி வந்தால்

"உங்கள் சரக்கால் ஊறுகாய் கெட்டது" என்று யாராவது வந்தால் உடனே மறுத்துப் பேசாதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். உப்பை நிறுத்தீர்களா, அளந்தீர்களா? காயையும் ஜாடியையும் ஈரமில்லாமல் துடைத்தீர்களா? எண்ணெய் மேலே நின்றதா? எடுக்கும் கரண்டி உலர்ந்ததா? பெரும்பாலும் காரணம் இந்த நான்கிற்குள் கிடைத்துவிடும். பித்தளை, அலுமினியப் பாத்திரத்தில் ஊறவைத்தார்களா என்பதையும் கேட்கலாம். புளிப்பும் உப்பும் உலோகத்தை அரிக்கும். பூஞ்சணம் பூத்ததை மேலாக வழித்துவிட்டு உண்ணலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். தவறு நம் சரக்கில் என்று தெரிந்தால் தயங்காமல் ஒப்புக்கொண்டு ஈடு செய்யுங்கள்.

முன்பு நான் சொன்ன அந்த அம்மாள் மூன்றாம் ஆண்டு வந்தார். பட்டியலை நீட்டிவிட்டு, "எண்ணெயை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுங்க அண்ணாச்சி" என்றார். எடுத்து, அச்சிட்டிருந்ததைப் படித்துக் காட்டி, அவர் முன்னாலேயே கட்டிக் கொடுத்தேன். அந்த வைகாசியில் ஒரு சின்னப் பாட்டிலில் மாங்காய் ஊறுகாய் கல்லாப்பெட்டி மேல் வந்து உட்கார்ந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பு நிறுத்துக் கொடுத்தவரையும் நம் வாடிக்கையாளர்கள் நினைக்கத்தான் செய்கிறார்கள். பருவம் தொடங்குமுன் தட்டுகளைப் பிரித்து வையுங்கள், சரக்கைச் சோதித்து எடுங்கள், கடைப் பையன்களுக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்.